இருமல் நின்றதும் நிம்மதியானோம்

காலை ஏழே முக்கால். தெருமுனையில் வேன் ஹார்ன் அடிக்கிறது. பிள்ளை ஒரு காலில் ஷூ, மறு காலில் வெறும் சாக்ஸோடு சோபாவில் சாய்ந்து கிடக்கிறது. இரண்டு நாளாக இருமல். நெற்றியைத் தொட்டால் லேசாகச் சுடுகிறது. நாம் என்ன செய்கிறோம்? ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் இருமல் சிரப்பில் ஒரு மூடி, காய்ச்சல் மருந்தில் ஒரு மூடி. ஸ்வெட்டரை மாட்டி, இட்லியை இரண்டு வாய் திணித்து, "இன்னிக்கு டெஸ்ட் இருக்குடா கண்ணு, போயிட்டு வந்து படுத்துக்கலாம்" என்று ஏற்றிவிடுகிறோம். வேன் திரும்பி மறையும்வரை வாசலில் நின்று கை காட்டுவதும் நாம்தான்.

பாசத்தில் குறை சொல்ல வரவில்லை. அந்த ஒரு மூடி சிரப்பை யாருக்காகக் கொடுத்தோம் என்றுதான் கேட்கிறேன். பிள்ளைக்காகவா? வகுப்பில் இருமினால் மிஸ் போன் செய்வாரே, அதற்காகவா? ராத்திரி நாமும் கொஞ்சம் தூங்க வேண்டுமே என்பதற்காகவா?

கேட்கிற தகுதி எனக்கு இல்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய மார்கழி. தருமபுரியில் மார்கழிப் பனி எப்படி இறங்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மகளுக்கு அப்போது நான்கு வயது, எல்.கே.ஜி. ஆண்டு விழாவில் மயில் வேடம். உடைக்குப் பணம் கட்டியாகிவிட்டது; ஒத்திகைக்கு வராத பிள்ளையைப் பின்வரிசைக்கு மாற்றிவிடுவார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் அம்மாக்கள் பேசிக்கொண்டார்கள். மகளுக்கு இருமல் தொடங்கியது திங்கள்கிழமை. மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய சிரப்போடு செவ்வாய், புதன், வியாழன் பள்ளிக்குப் போனாள். வெள்ளியன்றும் அனுப்பினேன். அன்று மாலை வந்தவள் பாயில் படுத்துக்கொண்டாள். செல்போன் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு அடம் இல்லை. இருமலும் அநேகமாக நின்றிருந்தது. "பரவால்ல, இப்பத்தான் சொன்ன பேச்சு கேக்குறா" என்று மாமியாரிடம் நானே சொன்னேன்.

அடுத்த வீட்டு அம்மா கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். தயிருக்கு உறை ஊற்றக் கொஞ்சம் மோர் கேட்டு வந்தார். பாயில் கிடந்தவளைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவள் சட்டையை மேலே தூக்கிவிட்டு, செல்போனில் நேரம் பார்த்தபடி ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். "அம்பத்திநாலு" என்றார். எனக்குப் புரியவில்லை. "மூச்சும்மா. இந்த வயசுக்கு நாப்பது வந்தாலே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகணும். இங்க பாரு" என்று விலாவுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு மேலே எழ வேண்டும். என் மகளுக்கு விலாவின் அடிப்பகுதி உள்ளே இழுத்துக்கொண்டு பள்ளம் விழுந்தது. ஐந்து நாளாக அவளைக் குளிப்பாட்டி உடை மாற்றியவள் நான். ஒரு தடவைகூட நான் அதைப் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் விரலில் மாட்டிய கருவி 89 காட்டியது. நன்றாக இருக்கும் பிள்ளைக்கு அது 95க்கு மேல் இருக்க வேண்டுமாம். 90க்குக் கீழே போனால் ஆக்சிஜன் வைத்தே ஆக வேண்டுமாம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாக ஒரு திட்டு. நிமோனியா. டாக்டர் திட்டவில்லை. "எத்தனை நாளா?" என்றார். "அஞ்சு நாள் சார்." "அஞ்சு நாளும் ஸ்கூலுக்குப் போனாளா?" நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

அன்று முதல் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இது: நாம் பிள்ளையின் நோயைப் பார்க்கிறோமா, நோயின் சத்தத்தை மட்டும் கேட்கிறோமா?

இருமல் சத்தம் போடும். அது எரிச்சல் தரும், தூக்கம் கெடுக்கும், அக்கம்பக்கத்தில் கேட்கும். அதனால் அதை அடக்கக் காசு செலவழிக்கிறோம். நிமோனியா அப்படி ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. நுரையீரலுக்குள் கோடிக்கணக்கில் இருக்கும் சின்னச் சின்னக் காற்றறைகளில் நீரும் சீழும் தேங்குகின்றன. காற்று நுழைய வேண்டிய இடத்தில் சளி உட்கார்ந்துகொள்கிறது. நுரையீரல் விறைத்துப்போவதால் பிள்ளையால் ஆழமாக மூச்சு இழுக்க முடிவதில்லை. குறைவதை ஈடுகட்ட வேகவேகமாக, சின்னச் சின்ன மூச்சாக விடுகிறது. களைத்துப்போன பிள்ளைக்கு இருமக்கூடத் தெம்பு இருக்காது. பல சிரப்புகளில் தூக்கம் வரவைக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. பிள்ளை அமைதியாகப் படுத்திருக்கும். நாம் விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம்.

மூச்சை எண்ணிப் பார்ப்பது அந்த நர்ஸம்மாவின் கைப்பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சியில் நம் பக்கத்து வேலூருக்கும் பங்கு உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். எக்ஸ்ரே இல்லாத ஊரில், டாக்டர் இல்லாத இடத்தில், சாதாரண சளியையும் நிமோனியாவையும் எப்படிப் பிரித்தறிவது? பாப்புவா நியூ கினியில் ஃபிராங்க் ஷான் என்ற மருத்துவர் மூச்சின் வேகத்தை அடையாளமாக வைத்துப் பார்த்தார். வேலூர் சி.எம்.சி.யில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலானோர் நம் பிள்ளைகளையே பார்த்து, எண்ணி, 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு ஐம்பதுக்கு மேல், அதைத் தாண்டிய சிறுபிள்ளைக்கு நாற்பதுக்கு மேல் மூச்சு ஓடினாலோ, நெஞ்சு உள்ளே இழுத்தாலோ நோய் நுரையீரலுக்கு இறங்கியிருக்கிறது என்று நம்பிச் சொல்லலாம் என்பது அவர்கள் கண்டது. உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் கணக்கும் அதை ஒட்டியதுதான்: பிறந்து 2 மாதம் ஆகாத குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40. அந்த எண்ணைத் தொட்டாலே மருத்துவரிடம் போக வேண்டும்.

இதற்குக் கருவி வேண்டாம், படிப்பு வேண்டாம். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு முழுதாக ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். வயிறு ஒரு தடவை எழும்பி இறங்கினால் ஒன்று. கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கும் வேலை இதில் ஆகாது. குழந்தைகள் ஒரே சீராக மூச்சு விடுவதில்லை. காய்ச்சல் ஏறியிருந்தாலும் மூச்சு கூடும், அதனால் சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை எண்ணலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கு நோட்டில் அரை மார்க் குறைந்தால் பள்ளிக்கே போய்க் கேட்கிற நமக்கு, இந்த ஒரு நிமிடம் எங்கே தொலைந்தது?

வார்டில் ஆறு நாள் இருந்தேன். என் மகளுக்கு இடப்பக்கக் கட்டிலில் மூன்று மாதக் கைக்குழந்தை. மலைமேல் கிராமத்திலிருந்து வந்தவர்கள். அதன் பாட்டிதான் கூடவே இருந்தார். நம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான் அந்த வீட்டிலும் நடந்திருந்தது. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, வாயால் ஊதி, பிறகு சாம்பிராணிப் புகை காட்டுவது. சளி கட்டாது, தலையில் நீர் கோக்காது என்ற நம்பிக்கை. குழந்தை வீறிட்டு அழும். அழும் குழந்தை மூச்சை இழுத்தாக வேண்டும். இழுக்கும்போது அந்த எண்ணெய் எங்கே போகும்? நேராக நுரையீரலுக்கு. உள்ளே போன எண்ணெயை நுரையீரலால் கழுவித் தள்ள முடியாது. கிருமியே இல்லாமல்கூட அது நிமோனியாவாகும்.

அந்தப் பாட்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மகளையும் என் மாமியார் அப்படித்தான் குளிப்பாட்டினார், நான் துண்டை விரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பாலாடையில் மருந்தை எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்ததும் ஊற்றுவோமே, அதுவும் இதே கதைதான். மல்லாக்கப் படுக்கவைத்து, கையைக் காலைப் பிடித்து, ராகிக் கூழைத் தொண்டைக்குள் தள்ளுவதும் இதே கதைதான். "சாப்பிடவே மாட்டேங்குது" என்று அழுதுகொண்டே செய்கிறோம். சாப்பிட மாட்டேன் என்று ஒரு குழந்தை சொல்ல அதற்கு இருக்கும் ஒரே மொழி வாயை மூடிக்கொள்வது. அதையும் நெம்பித் திறந்தால் அது எப்படித்தான் சொல்லும்?

வலப்பக்கம் இரண்டு வயதுப் பையன். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தின்னர் ஊற்றி மூலையில் வைத்திருக்கிறார்கள். ஒரு வாய் குடித்துவிட்டான். பயந்துபோன வீட்டார் தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்கவைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய், தின்னர் போன்றவை வயிற்றில் இருப்பதைவிட நெஞ்சுக்குள் போனால்தான் ஆபத்து. வாந்தி எடுக்கவைப்பதே அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி. அப்படியே தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் போதும்.

என் மகளுக்கு வந்தது பாக்டீரியாவால் வந்த நிமோனியா என்றார்கள். பாக்டீரியாக்களில் குழந்தைகளுக்கு அதிகம் வருவது நிமோகாக்கஸ் என்ற கிருமி. பல குழந்தைகளுக்கு வைரஸால் வரும். அதிலும் கைக்குழந்தைகளை ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் படுத்தும் பாடு அதிகம். வைரஸால் வருவதை ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. எது எது என்று பெற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அதற்கு டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்பார், தேவைப்பட்டால் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை. நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவரை வற்புறுத்தாமல் இருப்பது. "ஊசி போடுங்க சார், ஊசி போட்டாத்தான் இவனுக்குக் கேக்கும்" என்று சொல்லாத பெற்றோர் நம்மில் எத்தனை பேர்? ஊசி போடாத டாக்டரைக் கைராசி இல்லாதவர் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த கிளினிக்குக்கு வண்டியைத் திருப்புகிறோம்.

மூச்சு வேகமாக ஓடினாலும் குடிக்கிற, விழிப்பாக இருக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் அமாக்சிசிலின் மாத்திரையே போதும். அதை டாக்டர் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதியை அடுத்த தடவைக்கு என்று எடுத்துவைப்பது நம் வீட்டுச் சிக்கனம். அந்த மீதியும் ஃபிரிட்ஜ் மேல்தான் உட்கார்ந்திருக்கும். பால் குடிக்காமல் போனால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் எழாமல் மயங்கிக் கிடந்தால், உதடு நீலம் பாரித்தால் மாத்திரை பேச்சே இல்லை. 108ஐக் கூப்பிட வேண்டும். பிறந்து 2 மாதம் ஆகாத குழந்தைக்கு நிமோனியா என்ற சந்தேகம் வந்தாலே பெரிய மருத்துவமனைதான்.

இருமல் சிரப்பைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சிரப் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்தது. 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது, 5 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகவே பரிந்துரைக்க வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை மறுபடி அறிவுறுத்தியது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்து நாம் பதறினோம். பதறிய கையோடு ஃபிரிட்ஜ் மேல் இருந்த பாட்டிலை எடுத்து எறிந்தோமா? நான் எறிந்தேன், ஆனால் அதற்கு எனக்கு ஆறு நாள் வார்டு வாசம் தேவைப்பட்டிருந்தது.

பெரிய பிள்ளைகளின் கதை வேறு. சொந்தக்காரர் வீட்டுப் பையன், பத்தாம் வகுப்பு, விடுதியில் தங்கிப் படித்தான். காலை ஐந்துக்கு எழுப்பிவிடுவார்கள், இரவு பத்தரைவரை படிப்பு. மூன்று வாரமாக வறட்டு இருமல், தலைவலி, சோர்வு. போனில் சொன்னபோதெல்லாம் "மாடல் எக்ஸாம் முடியட்டும்பா" என்றார் அவன் அப்பா. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் வருமாம். படுக்கையில் தள்ளாது, நடமாடவிட்டே நுரையீரலைப் பிடிக்கும். அவனுக்குச் சரியாகிவிட்டது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்கும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும் என்பது அங்கே யாருக்கும் நினைவு வரவில்லை. அவன் அம்மா என்னிடம் சொன்னது: "லீவு போட்டா கவனம் சிதறிடும்னு அவனே சொல்லிட்டான்." அவனாகச் சொன்னானா? பத்து வருடமாக நாம் அவன் காதில் ஓதியதைத் திருப்பிச் சொன்னானா? ஒரு நாளும் விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு மேடையில் சான்றிதழ் கொடுக்கிறார்கள். நாமும் அதை ஃபிரேம் போட்டு மாட்டுகிறோம். காய்ச்சலோடு எத்தனை நாள் வந்தான் என்று அந்தச் சான்றிதழில் இருக்காது.

இன்னும் கசப்பான ஒன்று இருக்கிறது. சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் நம் தருமபுரிக்கும் கொண்டுவந்தார்களே, ஏன் என்று நமக்குத் தெரியும்: பெண் சிசுக்கொலை. அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். பையனுக்கு மூச்சு இளைத்தால் அன்றே காரை வாடகைக்கு எடுக்கிறோம். பெண்பிள்ளைக்கு இளைத்தால் "நாளைக்குப் பார்க்கலாம், கஷாயம் கொடு" என்கிறோம். எல்லா வீட்டிலும் இல்லை. உங்கள் வீட்டில், என் வீட்டில்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

2014 நவம்பரில் நம் மாவட்டத் தலைநகர் அரசு மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் இறந்தது மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. குழந்தைகள் மிகக் குறைந்த எடையோடு பிறந்தது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு நுரையீரலும் வலுக்குறைவு. நிமோனியா முதலில் தேடிப்போவதும் அந்தக் குழந்தையைத்தான். பதினாறு வயதுப் பெண்ணுக்கு நல்ல இடம் வந்தது என்று கழுத்தை நீட்டவைக்கிற பெற்றோர் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். தானே வளர்ந்து முடியாத பெண்ணின் வயிற்றில் வளரும் குழந்தைக்கு எடை எங்கிருந்து வரும்?

தடுக்க வழி இல்லாமல் இல்லை. நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு கிருமியான ஹிப்புக்கு எதிரான மருந்தும் அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அரசுத் திட்டத்தில் வந்தது. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 ஜூலை முதல் நம் அரசு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் இலவசம்: 6ஆவது வாரம், 14ஆவது வாரம், 9ஆவது மாதம். என் மகள் பிறந்தபோது அது தனியாரிடம் மட்டும்தான் இருந்தது. ஒரு ஊசி ஆயிரக்கணக்கில் ஆகும் என்றதும் "கட்டாயமா போடணுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டோம். அதே வருடம் முதல் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்தோம், பலூன் அலங்காரம் செய்தோம், நானூறு பேருக்குச் சாப்பாடு போட்டோம்.

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், வீட்டுக்குள் பீடி சிகரெட் கூடாது, விறகடுப்புப் புகையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. இதெல்லாம் பால்வாடிச் சுவரில் எழுதியே இருக்கிறது. நவம்பர் 12 உலக நிமோனியா தினம். இந்தியில் மூச்சு என்று பொருள்படும் பெயரோடு 2019 முதல் ஒவ்வொரு ஆண்டும் அன்று தொடங்கி பிப்ரவரிவரை அரசு ஒரு இயக்கமே நடத்துகிறது. உலகத்தில் 2019இல் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 7,40,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்த நோயால் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எண்ணைப் படிக்கும்போது எனக்கு ஒன்றும் உறைப்பதில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஐம்பத்திநாலு என்ற எண்தான் உறைக்கிறது.

ஆண்டு விழா அந்த வருடம் என் மகள் இல்லாமலே நன்றாக நடந்தது. மயில் வேடம் வேறொரு பிள்ளைக்குப் போனது. கட்டிய பணத்தை நான் திரும்பக் கேட்கவில்லை.

ஒரு வேண்டுகோள். நோய் வரும்வரை காத்திருக்காதீர்கள். இன்று இரவு பிள்ளை நன்றாக இருக்கும்போதே, தூங்கிய பிறகு சட்டையை லேசாக விலக்கி ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் மூச்சு எப்படி எழும்பும், எப்படி இறங்கும் என்று கண்ணுக்குப் பழகட்டும். மாறினால் தெரியும். நேற்று இரவு நான் எண்ணினேன். ஏழு வயதாகும் என் மகளுக்கு இருபத்தொன்று.